அக்கா பேரில் எடுத்த படம்

அத்தியாயம் 17

சகலமான ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பெங்களூரில், ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றின் குளிரூட்டப்பட்ட விழா மண்டபத்தில், நுரையீரல் புற்றுநோய் முறைப்படி ஒழித்துக்கட்டப்படும். ஒழித்து முடித்ததும் மதிய விருந்து. கார் நிறுத்த இடம் உண்டு. புற்றுநோய்க்குத் தனியாகத் தகவல் அனுப்பப்படவில்லை.

அழைப்பிதழில் அச்சு அசலாக இப்படி இல்லைதான். அது ஆங்கிலத்தில் இருந்தது; ஆகவே இதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு தேசமே மூச்சு விடப்போகிறது என்கிற பொருளில் தங்க எழுத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே குத்துவிளக்கு ஏற்றுகிறவர்கள் பட்டியல். பட்டியலில் ஐந்தாவது பெயர்: திருமதி அம்புஜம் பழனிச்சாமி, தாய்.

யாருக்குத் தாய் என்று போடவில்லை. பொதுவாகத் தாய்.

அந்தப் பொதுத் தாய் காலை எட்டு மணிக்கு மல்லேஸ்வரம் பதினைந்தாவது கிராஸ் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று, மாம்பழ நிறப் பட்டுப்புடவையின் கொசுவத்தை மூன்றாம் முறையாக அவிழ்த்துச் செருகிக்கொண்டிருந்தாள். கொசுவத்தில் குற்றமில்லை. 

அம்புஜத்துக்கு அறுபத்தொரு வயது. தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். மகன் ராஜேஷ்குமார் வேலை பார்ப்பது பிராணநேத்ரா என்ற கம்பெனியில். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தைக் கம்பெனியின் இயந்திரத்திடம் காட்டினால், டாக்டர் கண்ணுக்குத் தப்புகிற பொட்டு நிழலைக்கூட அது பார்த்துவிடும். சந்தேகத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். மார்க் ஒரு கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை மணி. இந்தக் கம்பெனியில் ராஜேஷ்குமாரின் உத்தியோகம் ‘நம்பிக்கைத் துறைத் தலைவர்’. இப்படியும் ஓர் உத்தியோகம் உண்டா என்று கேட்கிறவர்கள் பெங்களூரில் குடியிருப்பவர்களாக இருக்க முடியாது.

போன அக்டோபரில் ஊழியர்களின் பெற்றோருக்கு இலவசமாகப் படம் எடுத்தார்கள். அம்புஜத்தின் பேருக்கு இயந்திரம் எழுபத்து நாலு போட்டது. அப்போது கோடு அறுபதில் இருந்தது. மணி அடித்தது. ராஜேஷ்குமார் அலறியடித்துக்கொண்டு அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆளைக் குகைக்குள் தள்ளி வெளியே இழுக்கிற ஸ்கேன் எடுக்கவைத்தான். நெஞ்சு பளிங்கு மாதிரி இருந்தது.

ஆக, இயந்திரம் தப்பு. ஊழியரின் தாயையே அழவைத்த சாதனத்தை எவன் வாங்குவான் என்று கம்பெனி முதலாளி நரேஷ் பதறினார். கோட்டை அறுபதிலிருந்து எண்பதுக்கு ஏற்றினார். ஒரே ஒரு ஆளுக்காகக் கோட்டை நகர்த்தக் கூடாது என்று லவினா என்கிற இன்ஜினீயர் பெண் மூன்று மின்னஞ்சல் எழுதினாள். அவளுக்கு அனுபவம் போதாது என்று தீர்மானமாயிற்று. இயந்திரம் ‘இரண்டாம் பதிப்பு’ ஆனது. இயந்திரத்துக்கே பணிவு சொல்லிக்கொடுத்த தாய் என்று அம்புஜம் மேடைக்கு உரியவள் ஆனாள்.

இந்த வரலாற்றில் ஒரே ஒரு குறை. அந்தப் படம் அம்புஜத்துடையது அல்ல.

வாராவாரம் நம்மோடு வருகிறவர்களுக்கு இது தெரியும். இன்றைக்குத்தான் ஏறியவர்களுக்கு இரண்டு வார்த்தை. இலவசத்தை வீணாக்கக் கூடாது என்பது அம்புஜத்தின் மதம். படம் எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு கல்யாணம் இருந்தது. மகன் ஹைதராபாத்தில் இருந்தான். தங்கை ராதாவுக்கோ ஒரு மாதமாக இருமல். ராதா ஒக்கலிபுரத்தில் ஒற்றை அறையில் குடியிருப்பவள், புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை, கார்மென்ட்ஸ் வேலை, நாள் முழுக்கப் பஞ்சுத் தூசி. நல்லா இருக்கிற நான் போய் நிற்பதற்கு, இருமுகிறவள் போகட்டுமே என்று அக்கா தன் ஆதார் நகலைக் கையில் கொடுத்து, என் பேரைச் சொல்லிவிட்டு நில்லுடி என்று அனுப்பினாள். தங்கைக்கு அக்கா ஜாடை. ஆதார் படத்தில் எல்லாருக்குமே ஒரே ஜாடை. ரேஷன் வரிசையிலும் பிரசாத வரிசையிலும் ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் நின்று பழகிய குடும்பம். அதில் பாவம் இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

மணி அடித்த அன்று அம்புஜம் காரிலேயே சொல்ல வாயெடுத்தாள். எட்டு வயதுக்குப் பிறகு அழாத மகன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீ பேசாதேம்மா என்றான். ஸ்கேன் சுத்தம் என்று வந்ததும் டாக்டர் சிரித்தார், மகன் சிரித்தான், வீடே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே வாயைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் சொல்லியே தீருவது என்று ஒக்கலிபுரம் போனாள். போகிற வழியில் மகன் ஏதோ பேச்சில் ஒன்று சொன்னது நினைவுக்கு வந்தது. அப்பா பேரில் மாமனாரைக் கூட்டிவந்து படம் எடுத்த ஒருவனைக் கம்பெனி அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டதாம். ராஜேஷ்குமார் தலைவர் ஆகி அப்போது பதினோரு நாள். ராதாவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். மருந்தில் இருமல் அடங்கியிருந்தது. ரிப்போர்ட் என்னாச்சு என்று ராதா கேட்டதற்கு ஒண்ணுமில்லையாம் என்று அம்புஜம் சொல்லிவிட்டாள். நாலு நாள் போகட்டும், நாமே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டிவிடலாம் என்று மனசுக்குச் சமாதானம்.

நாலு நாள் போய் தீபாவளி வந்தது. பொங்கல் வந்தது. உகாதி வந்தது. ஜூன் வந்தது. போன வாரம் தையல் மிஷின்களுக்கு நடுவே ராதா ரத்தமாக இருமினாள். இப்போது அரசு ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள். ராஜேஷ்குமாரிடம் சித்திக்கு நிமோனியா என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

எட்டேகாலுக்கு ராதாவிடமிருந்து போன் வந்தது. அக்கா பட்டுக் கட்டியாயிற்றா, தலையில் பூ வைத்தாயிற்றா என்று விசாரித்தாள். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டாள். வார்டில் கஞ்சி நன்றாக இருக்கிறதாம், பக்கத்துக் கட்டில்காரி நல்ல மாதிரியாம். அதெல்லாம் முடிந்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். டாக்டரம்மா நேற்று ஸ்கேனைப் பார்த்துவிட்டுப் பழைய நெஞ்சுப் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம். இது எத்தனை நாளாக வளர்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

“அக்டோபர்ல உம் பேர்ல நின்னனேக்கா, அந்தப் படம் ராஜேஷ்கிட்ட இருக்கும்ல? கேட்டு வாங்கு. அப்ப ஒண்ணுமே இல்லன்னுதான வந்துச்சு. அதக் காட்டினா, இது இப்ப வந்ததுதான்னு டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சிடும். இப்ப வந்ததுன்னா சரி பண்ணிடலாமாம்.”

அம்புஜம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கொண்டாறேன் என்று மட்டும் சொன்னாள்.

“புள்ளகிட்ட இன்னிக்கு எதுவும் சொல்லிடாத. விழா முடியட்டும். மேடைல தடுமாறுவான்” என்று ராதா போனை வைத்தாள்.

கம்பெனி கார் வந்து ஹாரன் அடித்தது. கணவர் பழனிச்சாமி ஏழு மணிக்கே ஓட்டலுக்குப் போய்விட்டிருந்தார். காலைச் சிற்றுண்டியும் உண்டு என்று அழைப்பிதழில் பொடி எழுத்தில் இருந்ததை அவர் ஒருவர்தான் படித்திருந்தார். நம் கதையில் அவருக்கு எதுவும் தெரியாது. தெரியாமல் இருப்பதில் அவருக்கு முப்பத்தாறு வருஷப் பழக்கம்.

ஓட்டல் வாசலில் அம்புஜத்துக்குக் கழுத்தில் ஓர் அட்டை மாட்டினார்கள். ரோஜாப்பூ கொடுத்தார்கள். உள்ளே போகிற வழி நெடுகிலும் அட்டைப் பலகைகள். ஒவ்வொன்றிலும் நரேஷ் கைகட்டிக்கொண்டு தொலைதூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று ஓர் அறக்கட்டளை பிராணநேத்ராவோடு ஒப்பந்தம் போடப்போகிறது. முன்னூறு கிராமங்களில் முகாம் போட்டு, இரண்டாம் பதிப்பைக் கொண்டு நெஞ்சு நெஞ்சாகப் பார்க்கப் போகிறார்கள். ஏழைகளின் நுரையீரல் என்ற சொல்லை ஒரு பெண் மைக்கில் நாலு விதமாகச் சொல்லி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்துக்குள் நுழைந்த அம்புஜம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மேடைக்குப் பின்னால் பத்தடி உயரத்துக்கு ஒரு நெஞ்சுப் படம். கருநீலத்தில் வெள்ளை விலா எலும்புகள், பக்கத்துக்குப் பக்கம் இறங்கி வருகின்றன. வலப்புறம் மேலே, ஒரு சின்ன மங்கல். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே ‘இல்லாத நிழல்’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு. இயந்திரம் எப்படியெல்லாம் ஏமாறும், அதை நாங்கள் எப்படித் திருத்தினோம் என்று ராஜேஷ்குமார் பேசப்போவது இதை வைத்துத்தான்.

அம்புஜம் வட்டத்தைப் பார்க்கவில்லை. இடது தோளுக்குக் கீழே காறை எலும்பைப் பார்த்தாள். நடுவில் உடைந்து, கோணலாக ஒட்டியிருந்தது.

அப்போது ராஜேஷ்குமாருக்கு ஒன்றரை வயது. அம்புஜம் தபால் ஆபீஸில். குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் குடியாத்தத்திலிருந்து வந்திருந்த ராதாவுக்கு இருபத்து இரண்டு. மழை ஈரத்தில் மாடிப்படி வழுக்கியது. கையை ஊன்றினால் குழந்தையை விட வேண்டும், அவள் விடவில்லை. ஏழு படி தோளிலேயே சறுக்கி வந்தாள்; காறை எலும்பு உடைந்தது. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. வருஷா வருஷம் பிறந்தநாள் அன்று அந்த வீட்டில் இந்தக் கதை சொல்லப்படும். சித்தி கழுத்துக்குக் கீழே இருக்கிற அந்த மேட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் அவன் கேக் வெட்டுவான்.

அந்த மேடு இப்போது பத்தடி உயரத்தில், நூற்றைம்பது நாற்காலிகளுக்கு எதிரே நின்றது. எட்டு மாதமாகக் கம்பெனியில் எல்லாரும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் மகனைத் தேடிப் பிடித்து, மேடைக்குப் பக்கத்து அறைக்குள் இழுத்துப் போனாள். அங்கே லவினா ஒரு மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். இருக்கட்டும் என்று அம்புஜம் கதவைச் சாத்தினாள்.

“அந்தப் படம் என்னுது இல்ல ராஜேஷ்.”

மேடைப் பயம் என்று அவன் நினைத்தான். எக்ஸ்ரேயில் நம்மை நமக்கே அடையாளம் தெரியாதும்மா என்று தோளைத் தட்டினான். கோட்டு போட்டிருந்தான், அதற்குள் அவன் இன்னும் ஒல்லியாகத் தெரிந்தான்.

“காறை எலும்பப் பாரு. எனக்கு எப்படா எலும்பு ஒடஞ்சுது?”

அவன் லவினாவின் திரையில் படத்தைத் திறந்தான். பெரிதாக்கினான். இடது தோள் பக்கம் நகர்த்தினான். கை அங்கேயே நின்றது. அதற்குள் அம்புஜம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள்: கல்யாணம், ஆதார் நகல், அவன் வேலை, நாலு நாள், நிமோனியா. எட்டு மாதமாகச் சுமந்ததைச் சொல்ல மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“அப்படின்னா மிஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு” என்றான் ராஜேஷ்குமார்.

சொன்னபோது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஒரு விநாடிதான்; ஒன்றரை இருக்கலாம். பரீட்சையில் தப்பு என்று அடித்த கணக்கு சரி என்று வாத்தியாரே வந்து சொன்ன பிள்ளையின் சிரிப்பு. பெற்றவள் அதைப் பார்த்தாள். லவினாவும் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

பிறகுதான் அவனுக்கு யாருடைய நெஞ்சு என்பது உறைத்தது. நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்தான். சித்தி, சித்தி என்று இரண்டு தடவை சொன்னான். கோட்டுக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அழுவதற்கு நேரமில்லை, டாக்டர் கேட்டிருக்கிறார் என்று அம்புஜம் எழுப்பினாள். படத்தை அனுப்ப முயன்றான். முடியவில்லை. நோயாளியின் சம்மதம் இல்லாமல் ஒரு படத்தையும் வெளியே அனுப்ப முடியாதபடி கம்பெனி கெடுபிடி செய்திருந்தது. அதற்கு ஒரு விருதும் வாங்கியிருந்தது. பதிவின்படி நோயாளி அம்புஜம். அம்புஜத்தின் போனுக்கு ஆறு இலக்க எண் வந்தது. அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். தங்கையின் நெஞ்சைத் தங்கையின் டாக்டருக்குக் காட்ட அக்கா சட்டப்படி சம்மதித்தாள்.

அப்போது நரேஷ் உள்ளே வந்தார். விளக்கேற்ற ஆள் காணோம் என்று தேடிக்கொண்டு வந்தவர். ராஜேஷ்குமார் சொன்னான்.

நரேஷ் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நமக்கு இந்த வாரம் வேலை சுலபம். ஆள்மாறாட்டம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அம்புஜத்துக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, ரோஜாப்பூவோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க யோச்னே பண்ணாதீங்க ஆன்ட்டி. ஊர்லயே பெரிய கேன்சர் டாக்டர் நம்ம ஃப்ரெண்டு. இவ்வத்தே, இன்னிக்கே போன் பண்றேன்.”

உண்மையாகவே சொன்னார். கண்கூடக் கலங்கியிருந்தது. லவினா மூலையிலிருந்து, சார், மத்தவங்க என்றாள்.

என்ன மற்றவர்கள் என்று அவர் கேட்டார். அறுபதுக்கு மேலே, எண்பதுக்குக் கீழே வந்தவர்கள் என்றாள் லவினா. கோட்டை ஏற்றிய நாளிலிருந்து அவர்கள் யாருக்கும் மணி அடிக்கவில்லை. எல்லாருக்கும் பயமில்லை என்று சீட்டு போயிருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னாலேயே அவள் எண்ணிவைத்திருந்தாள்: ஆயிரத்து நூற்றாறு பேர். அதில் எத்தனை பேருக்கு நிஜம் என்று கூப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று எழுதியிருந்தாள். அதுதான் அந்த மூன்றாவது மின்னஞ்சல்.

வெளியே விளக்கேற்றும் பாட்டு தொடங்கிவிட்டது. நரேஷ் கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ராஜேஷ்குமாரைப் பார்த்தார்.

“கோட்டைக் கீழ எறக்கிடலாம். எல்லாரையும் கூப்பிடலாம். ப்ராமிஸ். இன்னிக்கு சைன் ஆகட்டும், ட்யூஸ்டே நானே பண்றேன். இந்த சைன் இல்லன்னா கம்பெனியே இல்ல ராஜேஷ், அப்புறம் யாரு யாரக் கூப்பிடறது? நாலு நாள்ல என்ன ஆயிடும்?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நாலு நாள் எவ்வளவு நீளம் என்று அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“நானும் நாலு நாள்னுதான் நெனச்சேன்” என்றாள் அம்புஜம்.

நரேஷ் அவள் கையை மெதுவாக விட்டார். ஐந்து நிமிஷத்தில் வா என்று ராஜேஷ்குமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ராஜேஷ்குமார் எழுந்து நின்றான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். அம்மாவின் கழுத்திலிருந்து அந்த அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

“நீ சித்திகிட்டப் போம்மா. நான் மேடைல சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். அதுக்கப்பறம் அவங்களால சைன் பண்ண முடியாது.”

அவள் நம்பினாள்.

ஆட்டோ கிடைத்தது. மாம்பழப் பட்டுப்புடவையையும் தலைப்பூவையும் பார்த்து, கல்யாணத்துக்கா அம்மா என்று டிரைவர் கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்றாள். இன்னொன்று விளக்கிச் சொல்ல அவளிடம் தெம்பில்லை. சிக்னலுக்குச் சிக்னல் வண்டி நின்றது. பதினொன்று நாற்பதுக்கு ஆஸ்பத்திரி.

டாக்டர் சுனிதா முப்பதைத் தாண்டாத பெண். முதல் நாள் ராத்திரியிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தது கண்ணில் தெரிந்தது. மேஜையில் கணினித் திரையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். இடது பக்கம் அக்டோபர். வலது பக்கம் நேற்றையது. படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

அம்புஜத்துக்குக் கன்னடமும் தமிழும் ஒன்றுதான். டாக்டர் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். அக்டோபரில் இது சுண்டைக்காய் அளவு. அங்கேயே, ஒரே இடத்தில் இருந்ததுபோல் தெரிகிறது. சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் அப்போதே வந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்திருக்கலாம், இவரைப்போல வந்து வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். இப்போது ஈரலுக்குப் போயிருக்கிறது. முதுகெலும்புக்கும். ஆபரேஷன் என்ற பேச்சே இல்லை. மருந்து கொடுக்கலாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், எத்தனை மாதம் என்று கேட்க வேண்டாம்.

அம்புஜம் இரண்டு படங்களையும் மறுபடி பார்த்தாள்.

அந்தப் படத்துக்கு அப்போது என்ன ரிப்போர்ட் வந்தது என்று டாக்டர் கேட்டார். சந்தேகம் என்று வந்தது என்றாள் அம்புஜம். அப்புறம் ஏன் கூட்டிவரவில்லை என்றார். இந்தக் கேள்வியை அவர் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் கேட்கிறவர். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார். நோயாளியிடம் நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா என்று மட்டும் திரும்பிக் கேட்டார்.

“நான் சொல்றேன்” என்றாள்.

ராதா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ தலை வாரிவிட்டிருந்தார்கள். ஐம்பத்து நாலு வயது. ஒரு வாரத்தில் அக்காவைவிடப் பெரியவளாகிவிட்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் சரிகையைத் தடவிப் பார்த்தாள். விழா அதற்குள் முடிந்துவிட்டதா, பிள்ளை நன்றாகப் பேசினானா என்றெல்லாம் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“படம் கெடச்சுதாக்கா?”

“கெடச்சுது.”

“சுத்தமா இருந்துச்சுன்னு பாத்தாங்கல்ல?”

அம்புஜம் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள்.

“சுத்தமா இல்ல ராதா. அப்பவே இருந்துச்சு. மிஷின் அப்பவே சொல்லிச்சு. எனக்குத் தெரியும். நான்தான் உங்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்னேன்.”

ராதாவின் கையில் இன்னும் தலைப்பு இருந்தது. அவள் அதை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. ஏன் என்று கேட்பாள் என்று அம்புஜம் காத்திருந்தாள். அதற்குப் பதில் வைத்திருந்தாள். எட்டு மாதமாகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த பதில், ராஜேஷ்குமாரின் வேலை பற்றியது. ராதா அதைக் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். ஆயா வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

“ராஜேஷுக்குத் தெரியுமா?”

“இன்னிக்குத்தான் சொன்னேன்.”

“என்ன சொன்னான்?”

“அழுதான்” என்றாள் அம்புஜம். முதலில் வந்த சிரிப்பை விட்டுவிட்டாள்.

ராதா தலையாட்டினாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். கொஞ்ச நேரம் இருமல் வந்து, அடங்கிற்று.

“காலைல ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டான்” என்றாள். “விழா நாள்னா அவனுக்கு எறங்காது.”

அம்புஜம் அவள் தோளைத் தொடப்போனாள். இடது தோள். ராதா அதை மெல்ல நகர்த்திக்கொண்டாள். தலைப்பைக் கையிலிருந்து விட்டாள்.

“நீ போக்கா. கோவம்னு இல்ல. உம் மூஞ்சியப் பாக்க இப்ப முடியல.”

அம்புஜம் நடைபாதைக்கு வந்தாள். அங்கே உட்காரப் போட்டிருந்த பெஞ்சுகளில் இடமில்லை. பட்டுப்புடவைக்காரிக்கு ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். வேண்டாம் என்று சுவரோரம் நின்றாள். போன் இரண்டு தடவை அதிர்ந்தது. பழனிச்சாமி முன்வரிசையிலிருந்து குடும்பக் குழுவுக்குப் படம் அனுப்பியிருந்தார். கூடவே, எங்கே போய்விட்டாய், பிஸிபேளேபாத் தீரப்போகிறது என்று ஒரு வரி.

அம்புஜம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள்.

ஒப்பந்தம் பன்னிரண்டு இருபதுக்குக் கையெழுத்தாகியிருந்தது. ராஜேஷ்குமார் நரேஷுக்குப் பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான்.